கையைப் பொணமா வையி

"மீனு... மீனேய்..." அன்று காலை தெருமுனையில் கேட்ட குரல் அஞ்சலையின் குரல் இல்லை. எனக்கு முன்னால் அதைக் கண்டுகொண்டது என் வீட்டுப் பூனைதான். மீன் சத்தம் கேட்டால் எங்கே சுருண்டு படுத்திருந்தாலும் வாசற்படிக்குப் பாய்ந்துவிடும். அன்றும் பாய்ந்தது. படியில் நின்று காதை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

வந்தவள் வேறொரு பெண். தலையில் அதே மாதிரி அலுமினியக் கூடை, அதே மாதிரி சும்மாடு.

"அஞ்சலை எங்கம்மா? என்கூட வாயாட முடியாம ஒன்னய அனுப்பிடுச்சா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கூடையை இறக்காமலே நின்றாள். "அஞ்சலையக்கா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்கய்யா. நெஞ்சு வலின்னுருக்காங்க. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. நான் பக்கத்துக் குப்பம். ஒங்க தெருவுல சொல்லிடச் சொல்லி அவங்க மவ சொல்லி அனுப்பிச்சு. மதியானம் எடுக்குறாங்க."

என் வாயில் வந்தது, "கூடையில என்ன மீனு?" என்பதுதான். "சங்கராவும் கிழங்கானும்யா" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்படி வரைக்கும் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு, பிறகுதான் சட்டையைத் தேடினேன்.

நம் தெருச் சங்க மலரில் அஞ்சலையைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று சங்கத்துக்காரர்கள் கேட்டபோது, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியது எல்லாம் டிராக்டர் வாடகைக்குப் போன நாள் கணக்குதான். 'அஞ்சலைக்கு அஞ்சலி' என்று தலைப்பு வைக்கலாமா என்று முதலில் நினைத்தேன். அதைக் கேட்டால் அந்த அம்மாள் என்ன சொல்லும் என்றும் உடனே காதில் விழுந்தது. "இந்தக் கடியக் கேக்கவா பெருசு நான் செத்தேன்?"

அஞ்சலையை உங்களுக்கெல்லாம் தெரியும். தரங்கம்பாடியிலிருந்து விடிகிற நேரத்து வண்டியில் மயிலாடுதுறைக்கு வந்து, நம் தெருவுக்குள் நுழையும்போது வெயில் சரியாக ஆறுமுகம் டீக்கடைப் பெஞ்சில் ஏறியிருக்கும். கடைசி வீடு என் வீடு. மீதி மீனையும் மீதிப் பேச்சையும் என் வாசலில்தான் இறக்குவார்.

முதன்முதலாக அவர் அங்கே கூடையை இறக்கியபோது என் மனைவி கமலா இருந்தாள். புது மீன்காரி என்றால் சீண்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியுமா? "இதெல்லாம் செத்து எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அஞ்சலை ஒரு சங்கராவை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. கொஞ்ச நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "சொல்ல மாட்டேங்குதுங்கய்யா. மொதல்ல ஐயா வயச சொல்லச் சொல்லுங்குதுங்க" என்றார். கமலா கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். என் வேடிக்கைகளுக்குச் சிரிப்பதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். அன்று சிரித்ததும் என் வேடிக்கைக்கு இல்லை.

கமலா போன பிறகும் அஞ்சலை வந்தார். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்து, மடக்கியிருந்த அரிவாள்மணையை விரித்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மீனை ஆய்ந்து, கழுவி, உப்பும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தார். "இத எண்ணெயில போட்டு எடுங்க. கொழம்பெல்லாம் ஒங்களுக்கு ஆவாது" என்றார். அது உண்மை. நான் வைத்த குழம்பைத் தெருநாய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

'ஐயா' எப்போது 'பெருசு' ஆனது என்பதும் நினைவிருக்கிறது. ஒரு நாள் எடை போடும்போது, சும்மா ஒரு சீண்டலுக்காகத் தராசுத் தட்டை விரலால் அழுத்தினேன். "யோவ் பெருசு, கைய எடு" என்று வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "பரவாயில்ல, இனிமே அப்படியே கூப்புடு" என்றேன். "நெசமாவா?" என்றார். "நெசமாத்தான்" என்றேன். அன்றிலிருந்து வெளியாள் யாராவது நின்றால் 'நீங்க', இல்லாவிட்டால் 'நீ'. எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. என்னை 'நீ' என்று சொல்லும் ஆட்கள் எல்லாம் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்த ஒரு எழுத்துக்காகவே நான் மீன் வாங்கிய நாட்கள் உண்டு.

உங்களைக் குறை சொல்லவில்லை. என் வாய் அப்படி. யாரைப் பார்த்தாலும் ஒரு இழுப்பு இழுக்காமல் விடாது. சொட்டைத் தலையன் எதிரே வந்தால் சீப்பு வேண்டுமா என்று கேட்கும். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், தூரத்தில் என்னைப் பார்த்ததும் நீங்கள் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வது எனக்குத் தெரியாமலா இருக்கும்? சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். "சாப்பிட்டீங்களாப்பா" என்பான். "ஆச்சுப்பா" என்பேன். அதற்கப்புறம் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றபடி ஒரு நாளில் எனக்குத் திருப்பிப் பேசிய வாய் அஞ்சலையின் வாய் ஒன்றுதான்.

ஐப்பசி அடைமழையில் பூனைக்குட்டி வந்தது. தாய்ப்பூனை மற்ற குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது போலிருக்கிறது. இது மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நனைந்துகொண்டு கத்தியது. செவலையும் வெள்ளையும் கலந்த ஒரு பிடி உயிர். துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்தேன். பால் குடித்து வயிறு நிறைந்ததும் அது செய்த முதல் காரியம் என் கட்டை விரலைக் கடித்ததுதான்.

"பேரு என்ன?" என்று அஞ்சலை கேட்டார். "பேரு வச்சா ஒட்டிக்கும்னு வைக்கல" என்றேன். அதற்குள் அது ஓடிவந்து அவர் சேலைத் தலைப்பில் தொங்கியது. "அட அறுந்தவாலு" என்றார். வால் முழுசாகத்தான் இருந்தது. ஆனாலும் அதுவே பேராகி ஒட்டியும் கொண்டது.

அறுந்தவால் வளர வளர அதன் பல்லும் வளர்ந்தது. பொழுது போகாதபோது நான் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரல்களை நெளியவிடுவேன். அது பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிக் குறி பார்த்துப் பாயும். குட்டியாக இருந்தபோது அது ஒரு சுகமான கூச்சம். மார்கழிக்குள் என் இரண்டு கையிலும் சிவப்புக் கோடு. நாற்காலியிலிருந்து காலைக் கீழே வைத்தால் கணுக்காலைப் பிடிக்கும். செய்தித்தாளைப் புரட்டினால் புரட்டும் கையைப் பிடிக்கும். முன்னங்கால் இரண்டாலும் கட்டிக்கொண்டு, பின்னங்கால் நகங்களால் பிராண்டிக்கொண்டே கடிக்கும். கையை உதறினால் இன்னும் இறுக்கும். திட்டினால் கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு மறுபடியும் வரும். ஒரு தடவை மூக்கில் ஒன்று சுண்டினேன். அன்று முழுக்க என் கையைக் கண்டாலே சீறியது. அதற்கப்புறம் அதை அடித்ததில்லை.

காயத்துக்கு என்ன போடலாம் என்று யோசித்தபோது கமலாவின் வைத்தியம் ஞாபகம் வந்தது. தோலில் எது வந்தாலும் அவள் குப்பைமேனியும் மஞ்சளும் அரைப்பாள். வாய்க்கால் கரையில் செடி கிடைத்தது. இலையைக் கிள்ளிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல் வேரோடு பிடுங்கி, அலசி, மிக்சியில் அடித்து, முழங்கை வரைக்கும் அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அறுந்தவால் மூலையிலிருந்து மூக்கைத் தூக்கியது. அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? அது என் கையைக் கடித்தது என்று சொல்வதைவிட, என் கையில் குடியேறியது என்று சொல்லலாம். நக்கியது, உரசியது, உருண்டது, எச்சில் ஒழுக ஒழுக நாலு காலாலும் கட்டிக்கொண்டு வெறி பிடித்தது போலக் கவ்வியது. அதைப் பிய்த்து எடுப்பதற்குள் பழைய கோடுகளுக்கு மேலே புதுக் கோடுகள்.

மறுநாள் அஞ்சலை பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன பெருசு, கையில பச்சையா?"

"குப்பைமேனி. காயத்துக்கு."

"எல மட்டுமா?"

"வேரோடதான். எதுக்கு வீணாக்கணும்?"

அஞ்சலை கூடையை இறக்கிவைத்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு படியில் உட்கார்ந்து சிரித்தார். எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிற வரைக்கும் சிரித்தார்.

"அதுக்கு எங்க ஊருப் பேரு என்னன்னு தெரியுமா? பூனைவணங்கி. வேரு கெடச்சிதுன்னா பூனை விழுந்து கும்புடும். நீ அதையே அரைச்சிப் பூசிக்கிட்டு, எல போட்டுப் பரிமாறிட்டு, ஐயோ கடிச்சிபுட்டுதுன்னா அது என்னா செய்யும்?"

சிரித்து முடித்து என் கையைத் திருப்பிப் பார்த்ததும் முகம் மாறியது. "ஊசி போட்டியா?" என்று கேட்டார்.

"வீட்டுப் பூனைதானே?"

"வீட்டுப் பூனை வெளிய எங்கல்லாம் போவுது, யாருகூடச் சண்டை போடுதுன்னு ஒன்கிட்ட சொல்லிட்டா போவுது? எந்திரி. மொதல்ல கொழாயத் தொறந்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவு. நல்லா நேரமெடுத்துக் கழுவு. சட்டைய மாட்டு."

அரசு ஆஸ்பத்திரியில் அன்று நல்ல கூட்டம். அஞ்சலை மீன் கூடையோடு என் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தில் முன்னால் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். அவருக்கு முன்னால் நின்றவரும் நகர்ந்தார். "நீங்க போங்க பெரியவரே, எங்களுக்கு அவசரமில்ல" என்றார்கள். அஞ்சலை என் காதோடு, "பாத்தியா, விஐபி" என்றார்.

உள்ளே இருந்த நர்ஸ் சின்னப் பெண். என் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, கூடையைப் பார்த்து, அஞ்சலையைப் பார்த்து, "இவரு ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அஞ்சலை கண்ணை இமைக்காமல், "இவருகிட்டேருந்து எனக்கு ஒண்ணும் வேணாம்மா" என்றார்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். ஊசி ஏறியதே எனக்குத் தெரியவில்லை. வெளியே வரும்போது, "பூனை கடிச்சதுக்கு ஊசி கண்டுபுடிச்சிட்டான். ஒன் கடிக்குத்தான் இன்னும் எவனும் கண்டுபுடிக்கல" என்றார். மீதி ஊசிகளுக்கு நானே போய்க்கொள்வதாகச் சொன்னேன். சரி என்றார். ஆனால் அந்தந்த நாளில் மறக்காமல் வாசலில் வந்து நின்று, "சட்டைய மாட்டு பெருசு" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

அந்த ஞாயிறு மகன் போனில் என் கையைப் பார்த்துவிட்டான். "அப்பா, தனியா இருக்கீங்க. இன்ஃபெக்‌ஷன் ஆயிட்டா யாரு பாப்பாங்க? அத எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பு இல்லை. தெருவிலும் அதையேதான் சொன்னார்கள். சாக்கில் போட்டுக் கட்டி, காவேரிக்கு அந்தப் பக்கம் மீன் மார்க்கெட்டுப் பக்கமாக விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்றார்கள். அரிசிச் சாக்கு ஒன்றை உதறி வாசலில் விரித்து வைத்தேன். பூனையைப் பிடிப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கழுதை தானாகவே சாக்குக்குள் புகுந்து, உள்ளிருந்து சாக்கைப் பிராண்டி விளையாடிக்கொண்டிருந்தது. சாக்கின் வாயைப் பிடித்து முறுக்கினால் முடிந்தது. சணல் கயிறு என் கையில் இருந்தது. நான் முறுக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை வந்தது அப்போதுதான்.

"என்னா சாக்கு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடலாம்னு."

அஞ்சலை கூடையை இறக்கி, சும்மாட்டுத் துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விட்டுட்டு வந்து?"

"வந்து என்னா?"

"வந்து யாருகிட்டப் பேசுவே?"

சணல் கயிற்றைக் கீழே வைத்தேன். அஞ்சலை சாக்கைக் கவிழ்த்தார். அறுந்தவால் வெளியே உருண்டு விழுந்து, சிலிர்த்துக்கொண்டு, நேராக என் கையில் பாய்ந்தது. நான் இழுத்தேன்.

"இழுக்காத" என்றார். "இழுத்தா ஓடுற எலின்னு நெனைக்கும். கையப் பொணமா வையி."

"எப்படி வைக்குறது?"

"நவுரு."

அஞ்சலை தன் கையை நீட்டினார். உங்களில் யாராவது அந்தக் கையைப் பார்த்திருக்கிறீர்களா? மீன் முள்ளும் நண்டுக் கொடுக்கும் அரிவாள்மணையும் கிழித்துக் கிழித்து, உள்ளங்கையில் எது ரேகை எது தழும்பு என்று தெரியாது. பூனை அந்தக் கையைக் கவ்வியது. அஞ்சலை கையை இழுக்கவில்லை, திட்டவில்லை, பூனையைப் பார்க்கவும் இல்லை. கை அப்படியே கிடந்தது. முகத்தைத் திருப்பி, தெருவில் யாரோ வருவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை இன்னொரு கடி கடித்தது. பின்னங்காலால் ஒரு உதை விட்டது. பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. வாயைத் திறந்து விட்டுவிட்டது.

"அவ்வளவுதான். பொணத்துகிட்ட என்னா வெளையாட்டு?" என்றார். கூடையின் பக்கவாட்டில் செருகியிருந்த பழைய வலைத் துண்டை உருவினார். அதில் ஒரு மிதவைக் கட்டை இருந்தது. அதைத் தரையில் இழுத்தார். பூனை அதன்மேல் பாய்ந்து கட்டிப் புரண்டது. "கடிக்க வேணாம்னு சொல்ல முடியாது. பல்லு கொடுத்துருக்கானே. கைக்குப் பதிலா கடிக்க ஒண்ணு குடுக்கணும். சோறு போடுறதுக்கு முன்னாடி இப்படிக் கொஞ்சம் ஓடவிடு. அலுத்துப்போயி தின்னுட்டுப் படுத்துக்கும். துண்டுக்குள்ள கைய விட்டு ஆட்டுறத விடு. நீதான் கைய வெளையாட்டுச் சாமானா காட்டிக் கெடுத்துவச்சிருக்க."

"ஒனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?"

"மீன் கூடைக்காரி வீட்டுல பூனைக்குப் பஞ்சமா? கூடப் பொறந்த குட்டிங்க இருந்தா ஒண்ண ஒண்ணு கடிக்கும். வலிச்சா கத்திட்டு எந்திரிச்சிப் போயிடும். அப்பத்தான் இதுக்கு எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு தெரியும். இதுக்கு யாரு இருக்கா சொல்லித்தர?" என்றவர், கூடையைத் தலைக்குத் தூக்கியபடியே என்னைப் பார்த்தார். "ஒனக்குந்தான்."

அன்றிலிருந்து நான் யாரையாவது கிண்டல் செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் நேரத்தில் எல்லாம் அந்த 'ஒனக்குந்தான்' வந்து நிற்கும். நான் எல்லை தாண்டிப் பேசிய நாட்களில் அஞ்சலை என்ன செய்வார் என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். பதில் சொல்ல மாட்டார். தெருவைப் பார்த்துக்கொண்டு மீனை ஆய்ந்துகொண்டே இருப்பார். நான் தானாக நிறுத்துவேன். நிறுத்தியதும், "அப்புறம் பெருசு, கெளுத்தி வேணுமா?" என்று ஆரம்பிப்பார். என்னிடம் இத்தனை வருடமாகக் கையைப் பிணமாக வைத்தே பிழைத்திருக்கிறார்.

போகும்போது சாக்கையும் எடுத்துக்கொண்டார். "நல்ல சாக்கு. ஐஸ் பெட்டிக்கு மூடிக்கிறேன். ஒன்கிட்ட இருந்தா மறுபடி புத்தி போவும்."

பொங்கல் கழிவதற்குள் அறுந்தவால் என் கையை விட்டுவிட்டது. இப்போது என்ன தோன்றினாலும் வலைத் துண்டைத் தேடி ஓடுகிறது. எப்போதாவது மறந்து கையைப் பிடித்தாலும், நான் சும்மா இருந்தால் உடனே விட்டுவிட்டு, கடித்த இடத்தையே நக்குகிறது. அதைச் சொன்னபோது அஞ்சலை, "பூனை திருந்திடுச்சு. இனிமே ஒன்னயத்தான் பாக்கணும்" என்றார்.

கடைசியாக வந்த அன்றும் நான் சும்மா இருக்கவில்லை. நடை தளர்ந்து வருவதைப் பார்த்து, "என்ன அஞ்சலை, மீனு ஒன்னயத் தூக்கிக்கிட்டு வருதா?" என்றேன். அவர் படியில் உட்கார்ந்து இடது தோளை அமுக்கிக்கொண்டார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். எப்போதும் போலத் திருப்பி ஒன்று கொடுப்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு வாயத் தொறக்கவே அலுப்பா இருக்கு பெருசு. நாளைக்கு வந்து சேத்துத் திட்டுறேன்" என்றார். பூனை அவர் காலில் உரசியது. அதன் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். நானும் சரி என்றுதான் சொன்னேன். திட்டு வாங்குவதற்கு ஒரு நாள் காத்திருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

தரங்கம்பாடிக்குப் பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் அறுத்த வயலில் உளுந்து பச்சை கட்டி நின்றது. கோட்டைக்கு முன்னால் சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மீனவர் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். கட்டுமரங்களும் பைபர் படகுகளும் கரையில் கிடந்தன. அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. பந்தலுக்கு வெளியே ஒரு முருங்கை மரத்தடியில் நின்றேன். அத்தனை பேரில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. உள்ளே போக ஒரு உறவு முறை வேண்டும் இல்லையா? அண்ணன் என்றால் கோடித் துணி எடுத்துக்கொண்டு போகலாம். சம்பந்தி என்றால் மாலையோடு போகலாம். கடைசி வீட்டில் மீன் வாங்குகிறவன் எப்படிப் போவது?

ஒரு நடுவயதுக்காரர் வந்து, மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா வெளியூருங்களா? அவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?"

அந்தக் கேள்விக்கு அஞ்சலை ஆஸ்பத்திரியில் சொன்ன பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்க வேண்டியவர் உள்ளே படுத்திருந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பந்தலுக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்து வந்தது. முகவெட்டிலேயே மகள் என்று தெரிந்தது. அழுதழுது வீங்கிய கண்ணால் என் கைகளைத்தான் முதலில் பார்த்தது. மங்கிப்போன நகக் கோடுகள் அவற்றில் இன்னும் இருந்தன.

"நீங்க பூனை வீட்டுப் பெருசா?"

தலையை ஆட்டினேன்.

"சோறு திங்கும்போது தினம் ஒங்க கதைதான். இன்னைக்கு பெருசு இதச் சொல்லுச்சு, நான் இதச் சொன்னேன்னு, ஒங்கள மாதிரியே கொரல மாத்திப் பேசிக் காட்டும். எங்க புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்." அந்தப் பெண் அந்த ஆளிடம் திரும்பி, "நம்ம அம்மாவுக்கு வேண்டியவரு மாமா. உள்ள விடுங்க" என்றது.

என் வேடிக்கைகள் எல்லாம் காற்றில் போய்விடுகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவை பஸ் ஏறி, கடலோரம் வந்து, ஒரு வீட்டுச் சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன.

கண்ணாடி போட்ட ஐஸ் பெட்டிக்குள் அஞ்சலை படுத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கிண்டல் வந்தது. சத்தியமாக வந்தது. ஆயுசு முழுக்க மீனை ஐஸில் வைத்தவரை மீன் பார்த்தால் என்ன சொல்லும் என்று. இந்த ஊரிலேயே அதற்குச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெட்டிக்குள் இருந்தார். புதுச் சேலைக்கு மேலே இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். குனிந்து, மெதுவாக, "என்ன அஞ்சலை, சேத்துத் திட்டுறேன்னியே" என்றேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வரும்போது வாசல் ஓரத்தில் அவருடைய மீன் ஐஸ் பெட்டி இருந்தது. அதன்மேல் என் அரிசிச் சாக்கு மடித்துப் போட்டிருந்தது.

அஞ்சலை விட்டுப்போனவற்றில் என்னிடம் இருப்பது ஒரு வலைத் துண்டு. பல் பட்டுப் பட்டு மிதவைக் கட்டை பாதியாகிவிட்டது. அவர் வைத்த பெயரில் ஒரு பூனை இருக்கிறது. இந்த வயதில் என்னை 'நீ' என்று ஒருவர் சொன்ன சத்தம் காதில் இருக்கிறது. புதிதாக வரும் மீன்காரப் பெண் நல்லவள். என் வீட்டுக்கும் வருகிறாள், "வாங்கய்யா" என்கிறாள். நான் ஏதாவது சொன்னால் பயந்துபோய்ப் பார்க்கிறாள். அவளைச் சீண்டுவதில்லை. போன வாரம் எதிர்வீட்டு அம்மாவைக்கூட, புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தபோது, ஒன்றும் சொல்லாமல் விட்டேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

மத்தியான நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் போட்டிருக்கிறேன். அறுந்தவால் வந்து பல்லை வைத்துப் பார்க்கிறது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். உடனே விட்டுவிடுகிறது. கை அசையாமல் கிடந்தால் பிடித்தது விட்டுவிடும் என்பதுதான் அஞ்சலை சொன்னது. பூனை விஷயத்தில் அது அச்சுப் பிசகவில்லை. அன்று கண்ணாடிக்குள் அந்தக் கையும் அசையாமல்தான் கிடந்தது. எவ்வளவோ நேரம் பார்த்தேன், அசையவில்லை. நான்தான் இன்னும் விடவில்லை.